ரோஸில் ரெண்டு ரோஸ்

தமிழ்நாட்டில் பிங்க் என்று ஒரு கலர் கிடையாது. இருப்பது ரோஸ். ரோஸ் கலர் சட்டை, ரோஸ் கலர் ரிப்பன், ரோஸ் மில்க். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இளஞ்சிவப்பு என்று ஒன்று வரும், அதைப் பரீட்சையில் எழுதுவதோடு சரி. "அந்த இளஞ்சிவப்புத் துண்டை எடு" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஜவுளிக்கடைக்குப் போனால்தான் ரோஸுக்குள் ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருப்பது தெரியவரும். வெங்காயக் கலர், தாமரைப்பூக் கலர், ராணிக் கலர், பஞ்சுமிட்டாய்க் கலர்... தங்கமணி இதையெல்லாம் பத்தடி தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடுவார். நமக்கு எல்லாமே ரோஸ்தான்.

இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த ஊர் ஜெய்ப்பூர். 2009-ல் ஆபீஸ் வேலையாக, "ஒரே வருஷம்" என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தது. அப்புறம் வீட்டுக் கடன், பெண்ணின் பள்ளிக்கூடம் என்று இங்கேயே வேர் விட்டாச்சு. ஊருக்குச் செல்லப்பெயர் குலாபி நகரி. குலாப் என்றால் ரோஜா, குலாபி என்றால் ரோஸ். ஆக, இந்திக்காரரும் நம்மைப் போலவே ரோஜாவைக் காட்டித்தான் கலருக்குப் பேர் வைத்திருக்கிறார். இங்கிலீஷில் பிங்க் என்பதும் முதலில் ஒரு பூவின் பெயர்தான், டயாந்தஸ் வகைப் பூ. வானவில்லிலும் இந்தக் கலர் கிடையாது என்று எட்டாவது படிக்கும் என் பெண் அவள் பங்குக்குச் சொன்னாள்.

ஜெய்ப்பூரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1727-ல் சவாய் ஜெய்சிங் கட்டிய ஊர். 1876-ல் இங்கிலாந்து இளவரசர் வந்தபோது, அப்போதைய ராஜா சவாய் ராம்சிங் ஊரையே ஒரே கலரில் அடிக்கச் சொன்னார். இன்றைக்கும் கோட்டைச் சுவருக்கு உள்ளே, ஜோஹரி பஜார், பாபு பஜார் பக்கமெல்லாம் கடை முகப்புகள் அதே கலரில்தான் இருக்கின்றன. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். படம் பார்த்து ஊரைத் தெரிந்துகொண்டவர்கள் நேரில் வந்தால் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். அது ரோஸே இல்லை. சுட்ட செங்கல்லும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் நடுவில் ஒன்று.

அம்மாவை முதல் தடவை ஹவா மஹால் கூட்டிக்கொண்டு போனபோது நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். "இதையாய்யா ரோஸுங்கான்? காவியில்ல இது! கோயில் செவுத்துல அடிக்கிற காவி."

நூத்துக்கு நூறு சரி. இங்கே அதற்குப் பேர் கேரு. நம்மூர் காவிக்கல்லேதான். இரும்பு கலந்த செம்மண், அதாவது துரு. நாம் வெள்ளையும் காவியுமாகப் பட்டை போட்டுக் கோயில் மதிலில் நிறுத்திக்கொண்டோம். இவர்கள் சுண்ணாம்போடு சேர்த்து ஊர் முழுக்க அடித்துவிட்டார்கள்.

இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரூமுக்கு ரோஸ் அடிக்க மூணு மாசத்துக்கு மேல் ஆனது. அந்த மேட்டருக்கு வருகிறேன்.

2023 புரட்டாசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். கோவில்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில் அம்மா தனியாக ஆறு மாசம் இருந்தார்கள். கண்ணு வேறு மங்கிக்கொண்டே வந்தது. கடுகுக்கும் கேப்பைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அக்கா போனில் சொன்ன அன்றைக்கு டிக்கெட் போட்டேன். 2024 சித்திரையில் இங்கே வந்தார்கள். ஜெய்ப்பூர் வெயிலைப் பற்றிப் பயமுறுத்தி வைத்திருந்தேன். "கரிசக்காட்டு வெயிலப் பாத்தவகிட்ட வெயிலச் சொல்லுதியா" என்று சிரித்தார்கள்.

எங்களுடையது மானசரோவரில் மூணு பெட்ரூம் ஃபிளாட். மூணாவது ரூமில் இஸ்திரி மேஜை, ஓடாத டிரெட்மில், பழைய புத்தக மூட்டை எல்லாம் கிடந்தன. அதையெல்லாம் ஒழித்துக் கட்டில் போட்டு, அலமாரி ஒன்றைக் காலி பண்ணிக் கொடுத்தார் தங்கமணி. அலமாரி காலியாகவே இருந்தது. அம்மா கொண்டுவந்த பழுப்பு நிற ஏர்பேக் கட்டிலுக்கு அடியில். காலையில் அதிலிருந்து ஒரு சேலையை எடுப்பார்கள். துவைத்துக் காய்ந்ததை மடித்துத் திரும்ப அதிலேயே வைத்து ஜிப்பை இழுத்துவிடுவார்கள். எண்ணெய், சீப்பு, அப்பாவின் போட்டோ எல்லாம் அதற்குள்தான். போட்டோவை எடுத்துச் சுவரில் மாட்டுகிறேன் என்றால், "இருக்கட்டும்யா. ஆணி அடிச்சா செவுரு ஓட்டையாயிரும். நான் ஆவணியில போகையில எடுத்துட்டுப் போகணுமில்ல" என்பார்கள். ஆவணி போனது. "தீபாவளிக்குப் போயிருவேன்" என்று தேதி மாறியது. ஊரில் அந்த வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக என்ன பண்ணப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருங்கள் என்று சொல்லவும் தெரியவில்லை. நம் வீட்டு ஆம்பிளைகளுக்கு இந்த மாதிரி வசனமெல்லாம் வராது. எங்க அப்பாவுக்கும் வராது.

ரூமுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று சொன்னது தங்கமணிதான். பில்டர் அடித்துக் கொடுத்த வெளிறின மஞ்சள், பத்து வருஷமாக அப்படியே இருந்தது. "அத்தை, உங்க ரூமுக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கெஸ்ட் ரூமுக்கு என்னத்துக்கும்மா செலவு" என்றார்கள். அதுக்கும் அப்புறம், வெங்காயம் உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ரோஸ் அடிச்சா வெளிச்சமா இருக்கும். அங்க நடுவீட்டுக்கு உங்க மாமா அடிப்பாகள்ல" என்றார்கள்.

அந்த ரோஸைப் பற்றி இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தியாக வேண்டும். போகிக்கு நாலு நாள் முந்தி அப்பா முற்றத்தில் அரை டிரம்மில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணி ஊற்றுவார். அது கொதிக்கும். கிட்டே போனால் அடி விழும். மறுநாள் வடிகட்டி, கஞ்சித் தண்ணி சேர்த்து, கடைசியில் காகிதப் பொட்டலத்திலிருந்து ரோஸ் பொடியைத் தூவுவார். அளவெல்லாம் கிடையாது, கையளவுதான். அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் வேறு வேறு ரோஸ். ஒரு வருஷம் பொடி கூடிப்போய் வீடே ரோஸ் மில்க் டம்ளர் மாதிரி ஆகி, தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. மட்டையால் அடிக்கும்போது அடர்த்தியாகத் தெரியும் சுண்ணாம்பு, காயக் காய வெளுக்கும். மறுநாள் காலையில்தான் இந்த வருஷ ரோஸ் எது என்றே தெரியும்.

இந்தக் காலத்துப் பெயின்ட் அதற்கு நேர் எதிர். எமல்ஷன் காய்ந்தால் ஒரு சுற்று அடர்த்தியாகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டப்பாவைத் திறந்து பார்த்தே பயந்துபோகிறவர்கள் நிறைய.

நியூ சாங்கானேர் ரோட்டில் ஒரு பெயின்ட் கடை. விசிறி மாதிரி விரியும் ஷேடு கார்டை நீட்டினார்கள். ரோஸ் மட்டும் பல பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பேர், எல்லாம் ஏதோ சென்ட் பாட்டில் பேர் மாதிரி. ஒரு இன்ச் சதுரத்தைப் பார்த்து ஒரு ரூமை முடிவு பண்ணச் சொல்கிறார்கள். ஆனால் நாலு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரின் ரோஸ் எதிர்ச்சுவரில் பட்டு, அது திரும்ப இதில் பட்டு, கார்டில் பார்த்ததைவிடத் தூக்கலாகத் தெரியும். அதனால் கார்டில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறினதை எடுக்கச் சொல்லுவார்கள். நல்ல ஆலோசனை.

நாங்கள் இப்படி வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ரெண்டில் வந்து நின்றோம். கார்டில் அடுத்தடுத்த பக்கம். கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம். ஒன்று லேசாக மஞ்சள் பக்கம் சாய்ந்தது, இன்னொன்று லேசாக நீலம் பக்கம். தங்கமணிக்கு முதலாவது. எனக்கு ரெண்டாவது, அதுதான் அப்பாவின் டிரம்மில் இருந்தது என்று எனக்குப் பட்டது. பெண்ணைக் கேட்டால், "ரெண்டுமே பேபி கலர்ப்பா" என்று காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சொன்னாள். கார்டை அம்மாவிடம் காட்டினோம். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், தள்ளி வைத்துப் பார்த்தார்கள். "ரெண்டும் ஒண்ணுதானய்யா. கடைக்காரன் ஒரே கலருக்கு ரெண்டு பேர் வச்சு ஏமாத்துதான். எதையாவது அடி."

இது செப்டம்பர் மாசம். அந்த மாசக் கடைசியில் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன். இப்போதெல்லாம் இது அரை மணி நேர வேலை. பழைய லென்சை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைச் சுருட்டி உள்ளே விட்டு விரித்துவிடுகிறார்கள். மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்கள்: "வேட்டிக்கு எப்ப இருந்துய்யா நீலம் போட ஆரம்பிச்ச?"

நான் நீலம் போட்டே பல வருஷம் ஆகிறது. விஷயம் என்னவென்றால், வயசாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகி, புரை முற்றினால் பழுப்பே ஆகிவிடும். வரும் வெளிச்சத்தில் நீலத்தை அது தடுத்துவிடும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்சை வைத்ததும் தடுபட்டிருந்த நீலமெல்லாம் ஒரே நாளில் உள்ளே வருகிறது. வெள்ளை, சொட்டு நீலம் போட்ட வெள்ளையாகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-ல் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார், இடது கண்ணுக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கலரெல்லாம் கோளாறாகத் தெரிகிறது என்று அவர் புலம்பியிருக்கிறார். அம்மா புலம்பவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சாமானையும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால், அப்புறம் மாற்றி மறு கண்ணால் பார்த்தார்கள். முந்தானையை வைத்து இடது கண்ணைப் பொத்தினால் புது வீடு. வலது கண்ணைப் பொத்தினால் பழைய வீடு. கேஸ் அடுப்புத் தீ இவ்வளவு நீலமாக இருக்கும் என்று மறந்தே போச்சு என்றார்கள்.

சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததால் இடது கண்ணுக்கு நவம்பர் மூணாவது வாரம்தான் தேதி கிடைத்தது.

இதற்கு நடுவில் பெயின்டர் பாய்சாப் அவசரப்படுத்தினார். இங்கே தீபாவளிதான் வெள்ளையடிக்கும் பண்டிகை, நமக்குப் பொங்கல் மாதிரி. அக்டோபர் பிறந்தால் ஊரே ஏணியும் பிரஷ்ஷுமாகத் திரியும். "ஸார், இந்த வாரம் சொன்னால் அடிக்கலாம். இல்லையென்றால் தீபாவளிக்குப் பிறகுதான்." சரி என்று ரெண்டு சாம்பிளும் கலக்கி வாங்கிவந்தேன். கடையில் அந்தக் கலக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு சுகம். வெள்ளை பேஸ் டப்பாவை வைத்து நம்பரைத் தட்டினால் மேலிருந்து சாயம் சொட்டுச் சொட்டாக விழும். ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். முதலாவதில் விழுந்தது ரெட் ஆக்ஸைடு, கொஞ்சம் எல்லோ ஆக்ஸைடு. ரெண்டாவதில் மெஜந்தா. ரெட் ஆக்ஸைடு என்பது வேறொன்றுமில்லை, இரும்புத் துரு. காவியின் சிவப்பும் கேருவின் சிவப்பும் எதுவோ அதே சரக்கு. ஆக தங்கமணியின் ரோஸ், ஜெய்ப்பூரை நிறைய வெள்ளையில் கரைத்தது. வெளிச்சுவருக்கு அடிப்பதாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் எடுக்க வேண்டும், வெயிலுக்கு அசையாது. மெஜந்தா மாதிரிச் சாயங்கள் வெயிலில் சீக்கிரம் சோர்ந்துவிடும். உள்ரூமுக்கு அந்தக் கவலை இல்லை. அதுதான் பிரச்சினையே. எதையும் எடுக்கலாம்.

பெயின்டர் நேராகச் சுவரில் ரெண்டு பட்டை இழுக்கப் போனார். தடுத்துவிட்டேன். பழைய மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் எந்த ரோஸும் இருப்பதைவிட நீலமாகத்தான் தெரியும், கண்ணு அப்படித்தான் கணக்குப் போடும். பெண்ணின் ரெண்டு வெள்ளை சார்ட் பேப்பரை எடுத்து, ஆளுக்கொரு ரோஸாக முழுசாக அடித்து, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டுக் காயவைத்தோம். இதில் ஒரு வசதி, இடம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்க்கலாம். அந்த ரூமுக்கு வடக்கே ஒரே ஜன்னல். வடக்கு வெளிச்சம் நேர் வெயில் இல்லாமல், நாள் முழுக்க ஒரே சீராக, கொஞ்சம் நீலமாக வரும். பகலில் முதலாவது கொஞ்சம் சோர்ந்து அடக்கமாக இருந்தது. ரெண்டாவது கத்தரிப்பூப் பக்கம் சாயப் பார்த்தது. ராத்திரி ட்யூப்லைட்டில் அதே கதை. அதைக் கழற்றி மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு ஒன்றை மாட்டினேன். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டது, எது எது என்று புரட்டிப் பின்னால் எழுதியிருந்ததைப் பார்க்க வேண்டியிருந்தது. ரெண்டு கலருக்கு நடுவில் முடிவு செய்வது என்றால் பாதி நேரம் ரெண்டு பல்புக்கு நடுவில் முடிவு செய்வதுதான்.

எல்லாரும் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அம்மா முதல் பேப்பரைக் காட்டி, "இது வெங்காயக் கலருல்லா" என்றார்கள். அதே நேரத்தில் பெயின்டர் என்னிடம் திரும்பி, "யே குலாபி நஹி ஹை ஸார், பியாஜி ஹை" என்றார். பியாஜ் என்றால் வெங்காயம்! அவர் வெங்காயத்துக்குப் பேர்போன ஆல்வார் பக்கத்து ஆள். அம்மாவுக்கு இந்தியில் தெரிந்தது "தண்ணி", "போதும்", "எவ்வளவு" என்கிற மூணே வார்த்தை. நான் மொழிபெயர்த்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய்க் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துவந்து, மேல்தோலை உரித்து, அடுத்த தோலைப் பேப்பர் மேல் வைத்தார்கள். பெயின்டர் வாங்கிப் பார்த்து, அதுக்கும் உள்ளே இருந்த தோலை உரித்து வைத்தார். அது இன்னும் சரியாகப் பொருந்தியது. ரெண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஆறு மாசத்தில் அம்மா வெளியாள் ஒருவரோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மூணு வாக்கியம்கூட இருக்காது.

அப்புறம் முந்தானையை எடுத்து ஒரு கண்ணைப் பொத்தினார்கள். மாற்றிப் பொத்தினார்கள். "பழைய கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். புதுக் கண்ணுக்கு ரெண்டும் வேறயா இருக்கு." சரி, புதுக் கண்ணுக்கு எது பிடிச்சிருக்கு என்று தங்கமணி கேட்டார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்கள். பெயின்டர் ஏணியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

"ஒத்தக் கண்ணால பாத்துச் சொல்லக் கூடாது. மத்தக் கண்ணும் முடியட்டும்யா. பொங்கலுக்கு அடிச்சுக்கிடலாம்."

தங்கமணி என்னைப் பார்த்தார். நான் பெயின்டரைப் பார்த்தேன். பொங்கலுக்கு! தீபாவளிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தது இதே அம்மாதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெயின்டரிடம் ஜனவரியில் வரச் சொன்னேன். அவருக்கு நஷ்டமில்லை, பக்கத்து பிளாக்கில் ஏற்கெனவே நாலு வீடு பேசி வைத்திருந்தார்.

ரெண்டு பேப்பரும் அந்த ரூம் சுவரில் மூணு மாசம் தொங்கின. தீபாவளி வந்து போனது. நவம்பரில் இடது கண்ணும் முடிந்தது. டிசம்பரில் ஒரு மத்தியானம், நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நாள், அம்மா கூப்பிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து ரெண்டு பேப்பரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது இருக்குல்லா," என்று ரெண்டாவதைக் காட்டினார்கள். "இது உங்கப்பா பொங்கலுக்கு அடிச்ச அன்னைக்கு இருக்கும். இந்த வெங்காயம் இருக்குல்லா, இது ஆடி மாசத்துல அந்தச் செவுரு இருக்கும். அடுப்புப் புகையும் வெயிலும் பட்டு."

நான் பார்த்தேன். எனக்குப் பொங்கல் சுவர்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. காலேஜுக்குப் போன பிறகு நான் ஊருக்குப் போனதெல்லாம் பொங்கலுக்குத்தானே. ஆடியில் அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் அவர்கள் ரெண்டு பேரும்தான்.

"எதும்மா அடிக்க?"

"வெங்காயத்தையே அடி. மத்தது கண்ணு கூசுது. இப்பத்தான் ஆப்பரேசன் பண்ணியிருக்கு."

தங்கமணிக்கு வெற்றிப் புன்னகை. நான் இன்னமும் ரெண்டாவதுதான் அழகு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

பக்கத்து வீட்டு அம்மணி மட்டும், "மலமாஸில் யாராவது வீட்டு வேலை ஆரம்பிப்பார்களா, சங்கராந்தி போகட்டும்" என்றார். மலமாஸ் என்பது நம் மார்கழிதான், அதே நல்ல காரியம் ஆகாத மாசம். நமக்கு மார்கழிக் கடைசியில்தான் வெள்ளையடிப்பே என்று தங்கமணி விளக்கினார். அம்மணி நம்பிய மாதிரித் தெரியவில்லை.

2025 ஜனவரி முதல் வாரம். 10-க்கு 11 ரூம், கதவு ஜன்னல் போக 360 சதுர அடி சொச்சம். ரெண்டு கோட்டுக்கு ஆறு லிட்டர், நாலு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் ரெண்டும். மூணையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்தபிறகுதான் பெயின்டர் ரோலரைத் தொட்டார். மெஷின் கலக்கினாலும் டப்பாவுக்கு டப்பா நூலளவு மாறும், பாதிச் சுவரில் டப்பா மாற்றினால் கோடு தெரியும் என்றார். விவரமான ஆள். குளிருக்குச் சீக்கிரம் காயாது என்று ரெண்டாவது கோட்டை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார். அம்மா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரெண்டு நாளும் மேற்பார்வை. மறுநாள் காலையில் வெளுத்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போய்ப் பார்த்தார்கள், பழைய பழக்கம். வெளுக்கவில்லை, ஒரு சுற்று கூடியிருந்தது. "இது சரியான கலப்படச் சுண்ணாம்பு" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

சங்கராந்தி அன்றைக்கு ஜெய்ப்பூரில் ஒருத்தரும் தரையில் இருக்க மாட்டார்கள். எல்லாரும் மொட்டை மாடியில், கையில் பட்டம், "வோ காட்டா" என்று அலறல். நாங்கள் பால்கனியில் குக்கரில் வைக்காமல் பானையில் பொங்கல் வைத்தோம். அப்பா போட்டோவுக்கு ஆணி அடித்தாயிற்று. இடத்தை அம்மாவே காட்டினார்கள், கட்டிலில் படுத்தால் தெரிகிற மாதிரி. அலமாரியில் இப்போது ஆறேழு சேலை இருக்கிறது. ஏர்பேக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, மீதிச் சேலையோடு. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை.

மிச்சமிருந்த அரை லிட்டர் பெயின்டை இறுக மூடி, நம்பரையும் தேதியையும் மூடியில் எழுதி லாஃப்டில் வைக்கப் போனேன். அம்மா வாங்கிக்கொண்டு, பூஜை அலமாரியின் உள்பக்கத்துக்கு அவர்களே பழைய டூத் பிரஷ்ஷால் அடித்தார்கள். ஓரமெல்லாம் வழிந்திருக்கிறது. அடித்துக்கொண்டே, பங்குனியில் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் வருகிறது, போயே ஆகணும், வீட்டையும் ஒரு தடவை திறந்து பெருக்கணும் என்றார்கள். இப்போது ரயிலில் 60 நாளைக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கிறது, பார்த்துப் போடுகிறேன் என்றேன்.

"வாரதுக்கும் சேத்தே போட்டுரு. பெறகு கிடைக்காது."